சங்குப்பூ நீலமும் முட்டையின் காரத்தன்மையும்

திருகோணமலைக்கு வருபவர்கள் தவறவிடாத இடம் கன்னியா. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தைக் குத்தி எழுப்பினான் என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இருப்பதில்லை. ஆனாலும் சனங்கள் அந்த நீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றித்தான் குளிக்கிறார்கள். உடம்பு தாங்கும் அந்தச் சூட்டில் முட்டையை நாள் முழுக்கப் போட்டு வைத்தாலும் அவியாது. வெள்ளைக்கருவில் முதலில் இறுகும் ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கே 60 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேற்பட்ட ஓவல்புமின் இறுகுவதற்கு 80 பாகையைத் தாண்ட வேண்டும். மஞ்சள்கரு 70 பாகையை ஒட்டிக் கெட்டியாகிவிடும். ஆகவே முட்டைப் பண்டத்துக்கு அடுப்புக்குத்தான் வர வேண்டும்.

உயிர்த்த ஞாயிறும் சித்திரைப் புத்தாண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருகின்றன. கூட்டமாக உறவினர் வரும் அந்த நாட்களுக்கு நிறம் ஏற்றிய, உள்ளீடு வைத்த முட்டை நல்ல பண்டம். அவித்த முட்டையை நெடுக்காகப் பிளந்து, மஞ்சள்கருவை எடுத்து மசித்து, புளிப்பும் உறைப்பும் சேர்த்து மறுபடி குழியில் நிரப்புவதுதான் செய்முறை. ஆங்கிலத்தில் இதை 'டெவில்ட்' முட்டை என்பார்கள்; நம் ஊர் ஹோட்டல்களில் 'டெவில்' என்று வரும் மிளகாய்ப் பிரட்டல் வேறு, இது வேறு. 13ஆம் நூற்றாண்டிலேயே, முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், மஞ்சள்கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு ஆகியவற்றோடு பிசைந்து நிரப்பி, இரு பாதிகளையும் சேர்த்துக் குச்சியால் குத்தி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பண்டம் சரியாக வருவதும் வராததும் வெள்ளைக்கருவின் காரத்தன்மையில் தங்கியிருக்கிறது. நாம் உண்பவற்றில் பெரும்பாலானவை அமிலப் பக்கம் சாய்ந்தவை. வெள்ளைக்கரு அரிதான விதிவிலக்கு. இட்ட கையோடு அதன் பிஎச் 7.6 அளவில் இருக்கும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேற வெளியேற, சில நாட்களில் அது 9ஐத் தாண்டுகிறது. புது முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பிய்ந்து வருகிறது. காரத்தன்மை ஏறிய பிறகு அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே காலையில் ஊர்க்கோழி இட்ட முட்டை இதற்கு உதவாது. அதைப் பொரித்துச் சாப்பிடுங்கள். ஒரு வாரம் பிரிட்ஜில் இருந்த முட்டையை எடுத்து, குளிர்ந்த நீரில் வைத்துச் சூடேற்றாமல், கொதிக்கும் நீரில் நேரே இறக்க வேண்டும். சட்டென்று இறுகும் வெள்ளைக்கருவுக்குத் தோலில் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

பதினொரு, பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். இதிலே சோம்பல் கூடாது. சூடு நீடித்தால் வெள்ளைக்கருவின் கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகப் பிரிந்து உள்நோக்கிப் போய், மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து சாம்பல் பச்சை வளையமாகப் படியும். அது இரும்புச் சல்பைட்டு. யப்பானின் ஹகோனே மலையில் கந்தக ஊற்றில் அவிக்கும் முட்டைகளின் ஓடு கன்னங்கரேலென்று ஆவதும் இதே சேர்மத்தால்தான். அந்த வளையத்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் உள்ளீட்டின் பொன்னிறம் போய்விடும். காரத்தன்மை கூடக்கூட இந்த வளையமும் சுலபமாக உண்டாகிறது. அதனால் உரிக்க வசதியான முட்டையைத்தான் நேரம் பார்த்து அவிக்கவும் வேண்டியிருக்கிறது.

இனி நிறம். கடைச் சாயப் பொடி தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கன்னியா தொடங்கி இலங்கைத்துறை முகத்துவாரம் வரை, வேலியில் சங்குப்பூக் கொடி ஏறும் மண் இது. சந்தையில் பீட்றூட் உண்டு. மஞ்சள் இல்லாத அடுப்படி கிடையாது. இந்த மூன்றும் போதும். உரித்த முழு முட்டையைச் சாய நீரில் அமிழ்த்திப் பிரிட்ஜில் சில மணி நேரம் வைத்தால் வெளிப்புறம் நிறம் பிடிக்கும். பிளக்கும்போது ஓரத்தில் நிறமும் நடுவே வெண்மையுமாக இருக்கும்.

சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை. ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டால் அடர்நீலம் இறங்கும். தேசிக்காய்ச் சாறு சில சொட்டு விட்டால் ஊதா. காரப் பொருள் பட்டால் பச்சை. முட்டையே காரப் பொருள் என்பதால், வெறும் பூநீரில் போட்ட முட்டையில் நீலம் பச்சை நோக்கிச் சாயக்கூடும். சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வேண்டிய நிறத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மஞ்சளின் குர்குமினும் காரத்தைக் கண்டால் சிவக்கும். சுண்ணாம்பு கலந்த ஆரத்தி நீர் செந்நிறமாவது அதனால்தானே. கொஞ்சம் வினாகிரி விட்டால் மஞ்சள் தூய மஞ்சளாகவே நிற்கும். குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் நீரைக் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும், இல்லையெனில் முட்டையில் புள்ளி விழும். பீட்றூட்டின் பீட்டானின் வேறு குடும்பம். அது அமிலத்தில் நிலைக்கும், நீடித்த சூட்டில் சிதையும். பீட்றூட் அவித்த நீரை ஆறவைத்து, வினாகிரி சேர்த்து, அதன் பிறகே முட்டையை இடுங்கள். பச்சை வேண்டுவோர் மஞ்சளில் தோய்த்த முட்டையைச் சங்குப்பூ நீரில் சிறிது நேரம் போடலாம்.

உள்ளீட்டுக்கு மேல்நாட்டார் மயோனைஸ் சேர்ப்பார்கள். பச்சை முட்டையில் வீட்டிலே அடிக்கும் மயோனைசை இந்த வெயிலில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சல்மொனெல்லா கிருமிக்கு இடம் கொடுக்கக் கூடாது. லேசாகக் காய்ச்சி ஆறவைத்த கட்டித் தேங்காய்ப்பால் அந்த வேலையை நன்றாகவே செய்யும். மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிணைத்து வைக்கும். அதோடு மிளகு, அரைத்த கடுகு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த மாசி. தேசிக்காயைக் கடைசியில் பிழியுங்கள்.

நிறமேற்றிய பாதிகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, நிறவாரியாகப் பிரித்து அடுக்கினால் ஒன்றின் சாயம் மற்றதில் ஊறாது. உள்ளீட்டைத் தனியே குளிரில் வைத்திருந்து, விருந்தினர் வந்த பிறகு நிரப்புங்கள். வெளியே 32 பாகையைத் தாண்டும் ஏப்ரல் நண்பகலில், மேசைக்கு வந்த தட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.