கீசர் திரையில் பிழைக் குறியீடு: செய்யத்தக்கவையும் தகாதவையும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரிடம் உணவு, மருந்து, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். குளியலறையைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் குளியலறையில் மயங்கி விழுந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும்போது, உறவினரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறதா?" அக்கேள்வியின் பின்னணியை வாசகர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இப்போது விற்பனையாகும் கேஸ் கீசர்கள் பலவற்றில் சிறிய எண் திரை ஒன்று உள்ளது. வழக்கமாக நீரின் வெப்பநிலையைக் காட்டும் அத்திரையில், கோளாறு நேர்ந்தால் ஓர் எழுத்தும் எண்ணும் தோன்றும். கருவியும் தானே நின்றுவிடும். பலர் இதனை இடையூறாகக் கருதி, திரும்பத் திரும்ப அணைத்து இயக்குகின்றனர். பிழைக் குறியீடு என்பது காய்ச்சலைப் போன்றது. அது நோயன்று, நோயின் அறிகுறி. அறிகுறியை மறைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடாது.

கருவி ஏன் நிற்கிறது?

கீசரினுள் சுடர் எரிகிறதா என்பதைக் கண்காணிக்கும் உணரி இருக்கிறது. சுடர் பற்றாவிட்டாலோ, இடையில் அணைந்தாலோ, எரியாத வாயு அறைக்குள் பரவாதபடி வாயுவழி அடைபடுகிறது. நீர் போதிய வேகத்தில் ஓடாவிட்டாலும், அளவுக்கு மீறிச் சூடேறினாலும் கருவி நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே, நின்றுவிட்ட கீசர் தன் கடமையைச் செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவை

முதலில் குழாயையும் கீசரையும் மூடுக. சிலிண்டரின் ரெகுலேட்டரையும் அணைத்துவிடுக. கதவையும் சன்னலையும் திறந்து வைத்து வெளியே வருக. வாயு நாற்றம் வீசினால் எந்த மின்விசையையும் தொடலாகாது, காற்றுப்போக்கியையும் இயக்கலாகாது. விசையில் எழும் சிறு பொறியே போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். அனைவரும் வீட்டை விட்டு வெளியேறிய பின், வெளியிலிருந்து 1906 என்ற எரிவாயுக் கசிவு உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நாற்றம் இல்லையெனில், குறியீட்டைக் குறித்துக்கொண்டு கருவியுடன் வந்த கையேட்டைப் பாருங்கள். ஒரே குறியீடு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளில் வெவ்வேறு பொருள் தரும். பக்கத்து வீட்டாரின் அனுபவம் இதற்கு உதவாது. சிலிண்டர் தீர்ந்துவிட்டதா, பொறி எழுப்பும் பேட்டரிகள் பழையனவா, மேல்தொட்டியில் நீர் குறைந்துள்ளதா என்னும் மூன்றையும் வீட்டாரே பார்க்கலாம். இவற்றைச் சரிசெய்த பின், கதவும் சன்னலும் திறந்திருக்க, ஒரே ஒரு முறை இயக்கிப் பார்க்கலாம். மீண்டும் குறியீடு தோன்றினால் அத்துடன் நிறுத்திவிட்டு, அந்நிறுவனத்தின் பழுதுநீக்குநரை அழையுங்கள்.

செய்யத்தகாதவை

கருவியின் மூடியைக் கழற்றாதீர்கள். உணரியின் கம்பிகளை நேரடியாக இணைத்து 'ஓடவைக்கும்' கைவேலைக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். கசிவைத் தீக்குச்சியால் சோதிக்கலாகாது. சோப்பு நீரைப் பூசி, குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே முறை. ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வெடிப்புக் கண்டால் உடனேயும் மாற்றுக.

குறியீடே காட்டாத ஆபத்து

திரையில் எந்தப் பிழையும் இல்லாதபோதும் ஆபத்து நேரலாம் என்பதையே நாங்கள் மிக வலியுறுத்த விரும்புகிறோம். மூடிய சிறு குளியலறையில் சுடர் எரிய எரிய ஆக்சிஜன் குறைகிறது. எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக மாறினால் அதுவும் ஓர் எச்சரிக்கையே.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை உடல் காட்டும் குறியீடுகள். குளிக்கும்போது தோன்றி, வெளியே வந்தால் தணியும் தலைவலியை அலட்சியம் செய்யலாகாது. இதயநோய், நுரையீரல் நோய், இரத்தசோகை உடையோர்க்கும், முதியோர்க்கும், குழந்தைகட்கும் பாதிப்பு விரைந்து வரும். கருவுற்ற தாய்மாரிடம் சிசுவும் சேர்ந்து பாதிக்கப்படும்.

ஒருவர் மயங்கிக் கிடந்தால் கதவு, சன்னலைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவருக. வாயுவை அணைத்து 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் "கேஸ் கீசர் உள்ள குளியலறையில் மயங்கினார்" என்று சொல்ல மறவாதீர்கள். அச்சொற்கள் இல்லையேல் இந்நிலை வலிப்பாகவோ பக்கவாதமாகவோ தோன்றக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்நஞ்சைப் பிரித்தறியாது. அளவு சரியாகவே இருப்பதாகக் காட்டும். அதை நம்பி வீட்டிலேயே தங்கிவிடலாகாது. வெளிக்காற்றில் மட்டும் இருந்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் தந்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். தேறிய பின்னரும், சில நாள்களோ வாரங்களோ கழித்து மறதி, குழப்பம், நடைத்தடுமாற்றம் தோன்றினால் மீண்டும் வந்து காட்ட வேண்டும்.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, குழாய் வழியே நீரை உள்ளே கொண்டுவருவதே நிலையான தீர்வு. அதுவரை ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீரை நிரப்புங்கள், கீசரை அணையுங்கள், சற்று நேரம் காற்றோடவிட்டு, சன்னல் திறந்திருக்கவே குளியுங்கள். நோயுற்றவர் குளிக்கும்போது உட்புறத் தாழ்ப்பாளிட வேண்டாம்; உடனிருப்போர் அவ்வப்போது குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.