எல்லையைக் காக்கும் தோல்



கொல்லத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையிறங்கி வருவோரைத் தமிழ் மண்ணில் முதலில் வரவேற்கும் ஊர் புளியறை. செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில், பசும் வயல்களுக்கு நடுவே அமைந்த இச்சிற்றூரைக் குற்றாலச் சாரலைத் தேடி வரும் கேரளத்தார் பலரும் அறிவர். இங்கே ஓர் எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கு வரும் வண்டிகள் அனைத்தும் திருப்பி அனுப்பப்படுவதில்லை; அனைத்தும் கேள்வியின்றி விடப்படுவதுமில்லை. தக்கது செல்லும், தகாதது தடுக்கப்படும். காவலர் இல்லாமல் அச்சாவடி ஒரு வாரம் திறந்து கிடந்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இதுபோன்றதோர் எல்லைச் சாவடியை நம் ஒவ்வொருவரின் உடலைச் சுற்றியும் இறைவன் அமைத்திருக்கிறான். அதுதான் நம் தோல். உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியே இருக்கும் கிருமியும் தூசும் நச்சும் உள்ளே நுழையாமலும் அது இரவு பகலாகக் காவல் புரிகிறது. இக்காவல் தளரும்போதே பல தோல் நோய்கள் தலைதூக்குகின்றன என்பது அண்மைக் கால ஆய்வுகள் நமக்கு உணர்த்தும் செய்தியாகும்.

செங்கலும் சாந்தும்

தோலின் மிக மேற்புறத்தில் உள்ள படலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு கனமே உடையது. உயிரிழந்த செல்களால் ஆன இப்படலத்தை ஒரு காலத்தில் வெறும் கழிவென்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் எலியாஸ் இதனை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிட்டார். தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றைப் பிணைக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் கலந்ததே அந்தச் சாந்து. செங்கல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சாந்து உதிர்ந்துபோனால் சுவர் நிற்குமா?

2006 ஆம் ஆண்டில் மற்றோர் உண்மை வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குத் தோல் மிக வறண்டு போவதையும், எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய் எளிதில் வருவதையும் கண்டறிந்தனர். அதுவரை இந்நோய் இரத்தத்தில் உள்ள ஒவ்வாமையால் மட்டுமே வருவதாகப் பலரும் எண்ணியிருந்தனர். பலருக்கு முதலில் பழுதாவது சுவர். அந்தப் பழுதின் வழியே உள்ளே நுழைந்தவற்றை எதிர்த்து உடல் நடத்தும் போரே அரிப்பும் சிவப்பும் என்ற விளக்கம் இதனால் வலுப்பெற்றது. எக்ஸிமா உள்ள குழந்தைகள் சிலருக்குப் பின்னாளில் உணவு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் தொடர்வதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

குழந்தை இரவெல்லாம் சொறிந்து அழுகிறது என்றதும் நம் வீடுகளில் முதலில் செய்வது என்ன? "கரப்பான் பண்டம்" என்று முட்டை, மீன், கத்தரிக்காய் என ஒவ்வொன்றாய் நிறுத்திவிடுகிறோம். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை இருப்பது உண்மையே. அதை மருத்துவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். நாமாகவே சத்துள்ள உணவுகளைப் பறித்துவிட்டால் குழந்தை மெலியுமே தவிர, உடைந்த சுவர் சீராகாது. இன்னொன்றையும் நெஞ்சில் பதிய வையுங்கள்: எக்ஸிமா தொற்றுநோய் அன்று. அக்குழந்தையின் தட்டையும் படுக்கையையும் பிரித்து வைப்பதும், பெண்பிள்ளையாயின் மண வாழ்வே போயிற்றென்று கலங்குவதும் அறியாமையால் விளையும் அநீதி.

சோப்பு செய்யும் சேதம்

நல்ல தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். வழக்கமான குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. சோப்பு அழுக்கை நீக்கும்போது சாந்தாகிய கொழுப்பையும் சேர்த்தே கரைத்துச் செல்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், பீர்க்கங்கூட்டை வைத்து அழுத்தித் தேய்ப்பதும், குளிக்கும் நீரில் கிருமிநாசினி ஊற்றுவதும் இச்சேதத்தை மிகுவிக்கும். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றுக்குத் தடை இருப்பது நீர்வளத்தைக் காக்கும் பொருட்டு. ஆயினும் வறண்ட மேனி உடையோர் அந்தத் தடையின் ஒரு பகுதியைத் தம் வீட்டுக் குளியலறையிலும் கடைப்பிடிக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் மென்மையான சோப்பு போதும். கைகால்களுக்கு நாள்தோறும் வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் நல்லது?

எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசி நடத்திய ஆய்வு 2005 இல் வெளியாயிற்று. அக்குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன. ஒரு சிறு கிண்ணம் எண்ணெய் பிஞ்சு உயிர்களுக்குக் கவசமாயிற்று! பிலிப்பைன்ஸ் நாட்டில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் (2014), தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நற்பயன் தந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2013 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஆலிவ் எண்ணெய் தோலின் காவலைச் சற்றுத் தளர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. ஜைத்தூன் எண்ணெயை நாம் பெரிதும் மதிக்கிறோம். உணவில் அதன் நலனை இந்த ஆய்வு மறுக்கவில்லை. எக்ஸிமா உள்ள குழந்தையின் மேனியில் பூசும்போது மட்டும் கவனம் தேவை.

அதே வேளையில் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் கூடாது. பிறந்தது முதல் ஓராண்டு நாள்தோறும் ஈரப்பதக் களிம்பு பூசினால் எக்ஸிமா வராமலே தடுக்கலாமா என்று பிரிட்டனில் 1394 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2020 இல் வெளியான முடிவு, தடுக்க இயலவில்லை என்பதே. ஆகவே நலமான குழந்தைக்கு விலையுயர்ந்த களிம்புகளை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. நோய் வந்த தோலுக்கோ ஈரம் காக்கும் களிம்பு சிகிச்சையின் அடிப்படையாகும்.

டியூப் களிம்பின் விபரீதம்

உடைந்த சுவரைச் செப்பனிடுவதாக எண்ணி நாமே அதை இடித்துவிடும் கொடுமையும் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளையே சொல்கிறேன். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு மட்டும் பூசினால் ஸ்டீராய்டு அருமையான மருந்து. அளவின்றிப் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் கிளம்பி, வெயில் பட்டாலே முகம் எரியும். இந்தியாவின் பல நகரங்களில் முகத்தில் தோல் நோயுடன் வந்த 2926 பேரிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தது தெரிந்தது. சிவப்பழகு தரும் என்று நம்பிப் பூசியவர்கள் அவர்களுள் பலர். நிக்காஹ் நாள் நெருங்குகையில் பெண்ணின் முகம் வெளுக்க வேண்டுமென்று டியூப் வாங்கித் தரும் உம்மாக்களே! ஒரு மாத வெளுப்புக்காக உங்கள் மகளின் பல்லாண்டுத் துயரை விலைக்கு வாங்காதீர்கள்.

படர்தாமரைக்கு இத்தகைய கலவைக் களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ சத்தமின்றிப் பரவும். வழக்கமான மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு பூஞ்சைக்கு, அது இந்தியத் துணைக்கண்டத்துடன் தொடர்புடையதால், 2020 இல் 'டிரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயரே அதில் கலந்திருப்பது பெருமைக்குரியதா? 2018 இல் மைய அரசு, ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்க விதியைத் திருத்தியது. விதி காகிதத்தில் உள்ளது. அதைக் காப்பது நம் கையில்.

ஒளுவும் தோலும்

நாளுக்கு ஐந்து வேளை ஒளுச் செய்யும் நமக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. நீர் தோலுக்குப் பகையன்று. நனைந்த தோலைத் திரும்பத் திரும்ப அப்படியே உலரவிடுவதுதான் வெடிப்பை வளர்க்கிறது. பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, சமைத்து, நாளெல்லாம் நீரில் கையிட்டிருக்கும் பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. ஒளுவிற்குப் பின் மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கால் விரல்களின் இடுக்கைக் கோதிக் கழுவுவதில் காட்டும் பேணுதலை அதனை உலர்த்துவதிலும் காட்டுங்கள். ஈரம் தங்கிய இடுக்கில்தான் சேற்றுப்புண் குடியேறும். குற்றாலச் சாரல் காலத்தில், துணியும் உலராத நாட்களில், இது மிக அவசியம்.

"களிம்பு பூசினால் ஒளு நீர் தோலில் படுமா?" என்ற ஐயத்தால் மருந்தையே விட்டுவிடுவோர் உண்டு. வழி எளிது: ஒளுவிற்கு முன் பூசாமல், ஒளுச் செய்து முடித்த உடனே பூசுங்கள். மருத்துவ முறையும் இதுவே! தோலில் ஈரம் இருக்கும்போதே பூசும் களிம்புதான் அந்த ஈரத்தை உள்ளே நிறுத்தும். குளித்து ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள் பூச வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவதும் இதனாலேயே. புண் முற்றி, நீர் படவே கூடாதென்று மருத்துவர் தடுத்தால் தயம்மும் என்னும் சலுகையை மார்க்கம் நமக்கு அளித்துள்ளது. ஆலிம்களிடம் விவரம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

தோல் ஈரம் கசிந்தாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சலுடன் தோல் சிவந்து பரவினாலும், அரிப்பால் உறக்கம் கெட்டாலும் தாமதமின்றித் தோல் மருத்துவரை நாடுங்கள். ஏற்கெனவே பூசிய களிம்பின் டியூபையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். நெடுநாள் பூசிய ஸ்டீராய்டை அவரைக் கேளாமல் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்று குளியலறையில் இருக்கும் சோப்பையும், அலமாரியில் இருக்கும் டியூப்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் எது உங்கள் வீட்டுப் பிள்ளையின் எல்லைச் சுவரைக் காக்கிறது, எது இடிக்கிறது? உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் காவலனாகிய தோலைப் பேணுவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.