பிஎச்.டி. பாதியில் நிற்கிறதா? அரியலூர் மண்ணில் கிடைத்த இரண்டு விடைகள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எனக்குத் தெரிந்தவர்களில் பகுதிநேரமாக பிஎச்.டி. செய்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்கள். பதிவு செய்த வருஷம் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். மூன்றாவது வருஷம் வந்ததும், "தீசிஸ் எந்த அளவுல இருக்கு சார்?" என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் பிஎச்.டி. இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். புதைபடிவங்கள், பழைய பதிப்புகள் என்று பொழுதுபோக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அப்படித் தோண்டும்போது, இந்த இரண்டு மாவட்டங்களோடு தொடர்புடைய இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். நீண்ட ஆராய்ச்சி வேலையில் மனசு தளராமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் வாழ்க்கையிலேயே ஒரு விடை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் வரை கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் 2 வருஷம் சலுகை உண்டு.

ஆறு வருஷம் என்றால் ஏகப்பட்ட காலம் மாதிரி தெரிகிறது. வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷத்தில் 312 வாரம். மொத்தம் 2,496 மணி நேரம். முழுநேர வேலைக் கணக்கில், அதாவது வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வகுத்தால், வெறும் 62 வாரம். பதினாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

நேரம் குறைவு என்று சொல்ல மட்டும் இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்தப் பதினாலு மாத வேலை ஆறு வருஷத்துக்கு இழுத்துப் பரப்பப்பட்டிருக்கிறது என்பதுதான் சிக்கல். நான் எழுதும் நிரல் சரியா தப்பா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். தீசிஸ் சரியா தப்பா என்று தெரிய வருஷக்கணக்கில் ஆகும். உழைப்புக்கும் அதன் பலனுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். இதை சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

இது நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2018இல் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். பதில் சொன்னவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு, மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இதை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

பாகம் பாகமாக முடித்தவர்

இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். காரை கிராமத்துப் பக்கம் செம்மண் பள்ளங்களில் நடந்து பார்த்தவர்களுக்கு, பென்சில் முனை போன்ற பெலம்னைட் துண்டுகள் தெரிந்திருக்கும்.

1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பகுதியில் சேகரித்த புதைபடிவங்களை, 1846இல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்து வெளியிட்டார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பெலம்னைட், நாட்டிலஸ் வகைகளைப் பற்றி மட்டும் 1861இல் எழுதி வெளியிட்டார். அடுத்த வருஷமே உடல்நிலை காரணமாகத் துறையை விட்டு விலகினார். மிச்சம் இருந்ததோ மலையளவு.

அதை எடுத்துச் செய்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இன்றைய செக் நாட்டில், மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தார். தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிரினங்கள் அத்தனையையும் வகைப்படுத்தி விவரிப்பதுதான் வேலை.

அவர் செய்த விதம் கவனிக்க வேண்டியது. எல்லாம் முடிந்த பிறகு ஒரே புத்தகமாகப் போடலாம் என்று காத்திருக்கவில்லை. முதலில் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள். அது அச்சில் வந்து முடிந்ததும், 1867, 68இல் நத்தை இனங்கள். 1870, 71இல் இரட்டை ஓடுடைய சிப்பி இனங்கள். கடைசியாக பிராக்கியோபாட்கள், கடல் முள்ளெலிகள், பவளங்கள் போன்றவை. 1873இல் மொத்தமும் முடிந்தது. ஒவ்வொரு பகுதியும் தனியாக நின்று பயன்படக்கூடியது. பத்து வருஷத்துக்கு மேல் நீண்ட வேலையில், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க ஏதோ ஒன்று அவருக்கு இருந்தது. இடையில் பறவைகள், நத்தைகள், சிலந்திகள் பற்றியும் கட்டுரைகள் எழுதினார்.

அந்த வேலை முடிந்த 1873ஆம் வருஷமே யார்க்கண்ட் பயணக் குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில், 1874 ஜூன் 19 அன்று, லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது 36. லேயில் அடக்கம் செய்தார்கள். "எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அரியலூர்ப் புதைபடிவங்களில் வேலை செய்பவர்கள் அவருடைய தொகுதிகளைப் புரட்டாமல் தாண்ட முடியாது.

ஒருவர் காத்திருந்தார்

இரண்டாமவரை எல்லோருக்கும் தெரியும். உ.வே.சாமிநாதையர். தஞ்சைப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய சிறுவயதின் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். தமிழில் தனக்குச் சுவை பிறந்தது அவரால்தான் என்ற நன்றி ஐயருக்குக் கடைசிவரை இருந்தது.

1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்தார். அதே வருஷம் அக்டோபர் 21 அன்று, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அதோடு முதலியார் விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். தன்னிடமிருந்த பிரதியைக் கொடுத்து, தனக்குப் பாடம் சொல்லச் சொன்னார். ஆக, ஐயர் அடுத்த முறை போகும்போது சில பாட்டுகளுக்காவது பொருள் கண்டுபிடித்திருக்க வேண்டும். சமண சமயக் கருத்துகள் புரியாத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பகலில் கல்லூரி வேலை. மற்ற நேரத்தில் சுவடிகளை ஒப்பிடும் வேலை. பதிப்பு வெளிவந்தது 1887இல். ஏழு வருஷம். கணக்குப் பார்த்தால் அதுவும் ஒரு பகுதிநேர ஆராய்ச்சிதான். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல். பட்டம் வரும் என்று அவர் உழைத்திருக்க வழியே இல்லை!

இன்னொன்றும் உண்டு. 1940இல், எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் வாரத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது 122 அத்தியாயங்கள் தேறியிருந்தன. கதை முழுசாகவில்லை. ஆனாலும் நமக்குக் கிடைத்தது ஒரு பெரிய புத்தகம். வாராவாரம் பத்திரிகையும் வாசகர்களும் காத்திருந்ததுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஊக்கம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று நினைக்கிறோம். பல நேரம் வரிசை தலைகீழ். ஏதாவது ஒன்று முடிந்தால்தான் ஊக்கம் வருகிறது. தெரசா அமாபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்களின் கிட்டத்தட்ட 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து, 2011இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மதிப்பு இருப்பதாக உணரும் வேலையில் சின்ன முன்னேற்றம் கிடைத்த நாட்கள்தான் பெரும்பாலும் நல்ல நாட்களாக இருந்தன என்பது அவர்கள் கண்டது.

நடைமுறையில் நான் சொல்வது மூன்றே விஷயம்.

1. தீசிஸை சாப்டராகப் பிரிப்பது போதாது. ஒரு சாப்டரே ஒரு வருஷம் பிடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் முடியக்கூடிய, தனியாக நிற்கக்கூடிய துண்டாக்குங்கள்: ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், ஐந்து கட்டுரைகளை ஒப்பிட்டு இரண்டு பக்கம். "இலக்கிய மீளாய்வு செய்ய வேண்டும்" என்பது வேலை இல்லை, பயமுறுத்தல்.

2. காத்திருக்க ஒரு ஆளைப் பிடியுங்கள். கைடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் செமஸ்டருக்கு ஒருமுறை நிற்பது விதிப்படி கட்டாயம், ஆனால் ஆறு மாத இடைவெளி ரொம்ப அதிகம். பக்கத்துத் துறையில் பிஎச்.டி. செய்யும் இன்னொருவரோடு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும். அவர் எழுதியதை நீங்கள் படியுங்கள், நீங்கள் எழுதியதை அவர் படிக்கட்டும்.

3. முடிந்ததை எழுதி வையுங்கள். மாசக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்தால், "ஒண்ணுமே நகரலை" என்று மனசு சொல்வது பெரும்பாலும் பொய் என்று தெரியும்.

ஊக்கம் காரணமாக இல்லாத இடங்கள்

எல்லாத் தேக்கத்துக்கும் இது மருந்து இல்லை. கைடு ஆறு மாசமாக டிராஃப்டைத் திறந்தே பார்க்கவில்லை என்றால் அது உங்கள் ஊக்கக் குறைவு அல்ல. தரவு கிடைக்கவில்லை, கட்டணம் கட்டப் பணமில்லை, கல்லூரி விடுப்பு தரவில்லை என்பதெல்லாம் நிர்வாகப் பிரச்சினைகள். அவற்றை எழுத்தில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும், மன உறுதியால் அல்ல. எது எந்த வகை என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினாலே பாதி குற்ற உணர்ச்சி குறைந்துவிடும்.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது தீசிஸ் விஷயமே இல்லை. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம், இலவசம்.

மற்றவர்களுக்கு: இந்த மாசம் முடிவதற்குள் முடியக்கூடிய துண்டு எது, அதை யார் படிப்பார்கள்? இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் தீசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.