நெருக்கி நட்டால் கதிர் நிறையுமா?

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் வீசத் தொடங்கினால், சிற்றூர் வட்டத்தில் மக்காச்சோளம் போட்டவருக்கு உறக்கம் கெடும். நெருக்கி விதைத்து, யூரியாவைத் தாராளமாக இறைத்தவர் காட்டில் பயிர் ஆளுயரம் நிற்கும். ஒரே இரவில் பாய் விரித்தாற்போல் சாய்ந்தும் விடும்.

இரண்டடிக்கு ஒரு பார், பாரில் பத்து அங்குலத்துக்கு ஒரு செடி. வீரிய ஒட்டு ரகங்களுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது. ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி நிற்கும். பத்தை ஆறு அங்குலமாக்கினால் 45,000 ஆகும். கதிரும் அப்படியே கூடுமென்று நினைப்பது இயல்புதான். ஆனால் மக்காச்சோளத்துக்கு உச்சியில் ஆண் பூ, இடுப்பில் பட்டு நூல் போன்ற பெண் பூ. நெருக்கத்தில் நிழலும் பசியும் சேர்ந்தால் நூல் தாமதமாக வெளிவரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்திருக்கும். பிறகு உரித்துப் பார்த்தால் பொக்கை வாய்க் கதிர்! அதற்காக அகல விட்டாலும் நஷ்டமே. நெல்லைப் போல் தூர் கட்டி இடத்தை நிரப்பும் பயிரல்ல இது.

உரம் இறைவைப் பயிருக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 100 கிலோ, மணிச்சத்து 30, சாம்பல் சத்து 30. மணிச்சத்து மண்ணில் நகராது. ஆகவே அடியுரமாகவே போட வேண்டும். தழைச்சத்தில் கால் பங்கு விதைப்பின்போது, பாதி 25-ஆம் நாள், மீதி 45-ஆம் நாள். யூரியா மலிவு என்று பொட்டாஷை விட்டுவிடுகிறார்கள் பலர். தண்டுக்கு உறுதி தருவது அதுதான். காற்று வீசும்போது தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். பெருமாட்டி மலையாள நாட்டில் இருந்தும் மழை மறைவுப் பகுதி. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சிற்றூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். நிலத்தடி நீருக்காக 2003-ல் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் இதே ஊராட்சிதான். பூக்கும் பருவத்தில் வாய்க்கால் வறண்டால் நெருக்கி நட்ட காடுதான் முதலில் வாடும். தண்ணீர் உறுதியில்லாதவர் சற்றுக் கலைத்தே விடலாம், உரத்தையும் குறைக்கலாம்.

ஊரில் காடு வைத்திருக்கும் குமாஸ்தா நண்பர்கள், உரப்பணத்தை ஒரே தடவையில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்து விடுகிறார்கள். மூட்டை மொத்தமாக வந்தால் மொத்தமாகவே கொட்டப்படுகிறது. விதைத்த தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, மூன்று தவணையாக அனுப்பிப் பாருங்கள்.