உலான்ஃபுவும் இரண்டு நாற்காலிகளும்

எங்க தருமபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் சித்தேரி மலை முழுக்கப் பழங்குடி மக்கள்தான். ஆனாலும் மாவட்டத்தின் 5 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றுகூடப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதில்லை. தமிழ்நாடு மொத்தத்துக்கும் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே இரண்டு.

சீனாவில் எப்படின்னு பார்த்தேன். காகிதத்தில் நம்மைவிடத் தாராளம். தன்னாட்சிப் பகுதியின் அரசுத் தலைவர் அந்தப் பகுதிக்குரிய சிறுபான்மை இனத்தவராகவே இருக்கணும் என்கிறது அவர்களுடைய அரசியலமைப்பின் 114ஆம் பிரிவு.

அப்புறம் என்ன குறை? உலான்ஃபுவின் கதையைப் பாருங்க. 1906இல் பிறந்த மங்கோலியர்; மாஸ்கோவில் படித்த கம்யூனிஸ்ட். 1947இல் உள் மங்கோலியா தன்னாட்சி அரசின் தலைவரானார். கட்சிச் செயலாளர் பதவியும் அவரிடமே இருந்தது. சீனாவில் கட்சி முடிவெடுக்கும், அரசு செய்யும். இரண்டும் ஒரே கையில் இருந்ததால்தான், மேய்ச்சல்காரர்களின் மந்தைகளைப் பிடுங்கிப் பங்கு போடாமல் அவரால் காக்க முடிந்தது.

1966இல், கலாச்சாரப் புரட்சியில், எல்லாம் பறிபோனது. தொடர்ந்து நடந்த வேட்டையில் அரசுக் கணக்குப்படியே 16,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பெரும்பாலும் மங்கோலியர்கள்.

1983இல் அவரை நாட்டின் துணைத் தலைவராக்கினார்கள். மகன் பூஹ, பேத்தி பூ ஷியாவ்லின் இருவரும் உள் மங்கோலியாவின் அரசுத் தலைவர்களானார்கள். பக்கத்து நாற்காலியில், கட்சிச் செயலாளராக, ஹான் இனத்தவர்.

சித்தேரிக்கு ஒரு தொகுதி கேட்பது நியாயம்தான். கூடவே, அந்த எம்.எல்.ஏ.வால் எதை முடிவு செய்ய முடியும்னும் கேட்டு வைக்கணும்.