பெண் வியாபாரமும் நமது கடமையும்

சந்தையில் திருட்டு மாடு ஒன்று அகப்பட்டால், திருடியவன் யார், தரகு பேசியவன் யார், தெரிந்தே வாங்கியவன் யார் என்று போலீஸார் தேடுகின்றனர். மாட்டைக் கூண்டிலேற்றி, ‘நீ ஏன் விற்கப்பட்டாய்?’ என்று கேட்பார் எவருமில்லை. பெண்மக்களை விற்கும் வியாபாரம் ஒன்றில் மட்டும் இம்முறை தலைகீழாய் இருக்கிறது. விற்றவனும் வாங்கியவனும் தரகனும் வீதியில் உலாவ, விற்கப்பட்டவளே குற்றவாளியைப்போல் தலைகுனிந்து நிற்கிறாள். மாதரை மாட்டோடு ஒப்பிட்டதற்கு வாசகர்கள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். அவ்வாறு ஒப்பிட்டு விலை பேசியவர்கள் அவ்வியாபாரிகளே.

ஏதோ ஒரு வீட்டில் சோதனை நடந்ததென்று செய்தி வருகிறது. முந்தானையால் முகத்தை மூடிய பெண்கள் வண்டியில் ஏற்றப்படுகின்றனர். தரகன் தப்பியோடி விட்டானென்று செய்தி முடிகிறது. அங்கு வந்திருந்த கனவான்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாட் காலையில், ‘அழகிகள் சிக்கினர்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வெளியாகிறது. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாமும் இப்பழிக்குப் பங்காளிகளே என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்லுவோம்.

தீர விசாரியாமல் தீர்ப்பளித்த அரசனிடம் ஒரு பெண் நீதி கேட்டு நின்ற ஊர் இம் மதுரை. அக்கதையைச் சொல்லிப் பெருமை கொள்ளாத தமிழர் இல்லை. ஆயின் இன்று நம் ஊரிலும், ஊரைச் சுற்றிய கிராமங்களிலும் விற்கப்படும் பெண்ணை யார் விசாரிக்கிறார்கள்? அவள் எவ்வாறு அங்கு வந்தாள், எவன் கொணர்ந்தான், எவ்வளவு பணம் கைமாறிற்று என்று கேட்பவர் யார்? இதுவே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

அருப்புக்கோட்டை கற்பித்த பாடம்

பெண் வியாபாரம் என்றவுடன், முகமறியாத முரடர்கள் நள்ளிரவில் சிறுமிகளைத் தூக்கிச் செல்லுவதாகப் பலர் எண்ணிக்கொள்ளுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையென்பதை 2018-ம் வருஷத்தில் மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையில் நிகழ்ந்தது காட்டிற்று. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை தம் மாணவிகள் நால்வரோடு தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழகத்து மேலதிகாரிகளின் விருப்பத்திற்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்குமென்று அவர் ஆசை காட்டினார். பேச்சு அன்பாகவே இருந்தது. மிரட்டலின் சாயல் கூட இல்லை. மாணவிகள் இணங்கவில்லை. அவ்வுரையாடலின் ஒலிப்பதிவு ஏப்ரல் மாதத்தில் வெளிவர, தமிழ்நாடே திடுக்கிட்டது. குற்றப் புலனாய்வுப் போலீஸார் விசாரித்தனர். 2024-ம் வருஷம் ஏப்ரல் 30-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற இருவரும் விடுதலை செய்யப்பட்டனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டுவன இரண்டு. முதலாவது, தரகு என்பது சந்தில் மறைந்து நிற்பவனுடைய தொழில் மட்டுமன்று. மரியாதைக்குரிய பதவியிலிருந்தும், அன்பான குரலிலும் அது வரக்கூடும். இரண்டாவது, அப்பெண்களைக் காத்தது யார்? வழிகாட்ட வேண்டியவரிடமிருந்தே வலை வந்தபோது, அம்மாணவிகளைக் காத்தது அவர்களுடைய சொந்தத் துணிவேயாகும். படிப்பும் தோழியரும் கையில் ஒரு தொலைபேசியும் உள்ள பெண்ணுக்கு அத்துணிவு வரலாம். இவற்றுள் ஒன்றும் இல்லாத பெண்ணின் கதி என்ன?

சமவெளியில் விரியும் வலை

பெரியாறு வைகைப் பாசனத்தின் கடைமடைக் கிராமங்களிலும், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வானம் பார்த்த புஞ்சைகளிலும் மழை பொய்த்தால் வீட்டில் கடன் ஏறும். மூத்த பெண்ணின் நகைக்கு வாங்கிய கடன் தீருமுன் இளையவள் வயதுக்கு வந்துவிடுவாள். அச்சமயம் பார்த்துத் தெரிந்த முகம் ஒன்று வாசலில் வந்து நிற்கும். அது தூரத்து உறவாக இருக்கலாம். அயலூர் ‘அக்கா’வாக இருக்கலாம். நகரத்தில் வீட்டு வேலை, கடையில் வேலை, நல்ல சம்பளம், கையில் முன்பணம் என்று சொல்லும். வரதட்சிணையில்லாக் கலியாணம் என்பதும் உண்டு. இந்நாளில் அம்முகம் வாசலுக்கு வரவேண்டுவதும் இல்லை. கைத்தொலைபேசியிலேயே நட்புப் பூண்டு, பஸ் நிலையத்திற்கு வரச் சொல்லிவிடுகிறது.

வெளியூர் வேலைகள் யாவும் வஞ்சனையென்று நாம் சொல்லவில்லை. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் நம் பெண்களை வீட்டில் பூட்டி வைப்பது பரிகாரமும் ஆகாது. ஆயின் முதலாளியின் பெயரும் வேலையிடத்து விலாசமும் சொல்லாமல் முன்பணம் மட்டும் நீட்டும் கையை நம்பலாகாது. முன்பணம் என்பதுதான் இவ்வலையின் முதற் கண்ணி. அடைக்க முடியாத கடனைக் காட்டியே பின்னர் அப்பெண்ணை அங்கு நிறுத்தி வைக்கின்றனர். ‘நீதானே சம்மதித்து வந்தாய்?’ என்று அவள் வாயையும் அடைத்துவிடுகின்றனர். சட்டமோ வேறு சொல்லுகிறது. வஞ்சித்தோ, மிரட்டியோ, பணங் காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்குக் கொண்டுசெல்லும் குற்றத்தில், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அன்று.

சட்டம் வந்த வழி

சட்டமில்லாமையால் இத்தீமை வளர்ந்ததென்று சொல்ல இடமில்லை. சென்னை மாகாணம் 1930-ம் வருஷத்திலேயே இவ்வியாபாரத்தை ஒடுக்கச் சட்டம் செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடுத்த போராட்டத்தின் பயனாகப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கமும் 1947-ல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாரத அரசியலமைப்பின் 23-வது ஷரத்து மனிதரை விற்பதையே விலக்குகிறது. 1956-ல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1986-ல் அது திருத்தப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. டில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப்பின் அமைந்த வர்மா கமிட்டியின் யோசனைகளை ஒட்டி, 2013-ல் ஆட்கடத்தற் குற்றத்துக்குக் கடுந்தண்டனை வகுக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள நியாய சங்கிதையின் 143-வது பிரிவும் அதையே உறுதி செய்கிறது.

ஆனால் இச்சட்டங்களினுள்ளேயே ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் எட்டாவது பிரிவை வாசகர்கள் சற்று நோக்க வேண்டும். பொது இடத்தில் நின்று அழைத்த குற்றத்துக்கு, முதன்முறை அகப்படும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறையுண்டு. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் மூன்று மாதமே உச்சவரம்பு. ஒரே குற்றத்துக்கு இரு தராசுகள்! அப்பெண்ணை அங்கே கொணர்ந்து நிறுத்திய தரகனுக்கு, ஐந்தாவது பிரிவு மூன்று முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல் விதிக்கிறது. அவள் விருப்பத்திற்கு மாறாகக் கொணர்ந்திருந்தால் பதினான்கு வருஷம் வரை போகலாம். சிறுமியாயின் ஆயுள் வரையும் போகலாம். வீதியில் நிற்பவளைப் பிடிப்பது எளிது. தரகனுக்கு எதிராகச் சாட்சி திரட்டுவது அரிது. எளிதானதைச் செய்து கணக்குக் காட்டும் வழக்கம் ஒழிந்தாலன்றி ஐந்தாவது பிரிவு ஏட்டுச் சுரைக்காயே.

நமக்கிட்ட ஆசனம்

இவ்விடத்தில்தான் பொதுஜனங்களின் கடமை தொடங்குகிறது. இதனைப் போலீஸார் மட்டுமே பார்த்துக்கொள்ளட்டுமென்று சட்டம் விட்டுவிடவில்லை. விசேஷப் போலீஸ் அதிகாரிக்கு யோசனை கூற, அப்பகுதியின் சமூக ஊழியர் ஐவருக்கு மேற்படாத ஒரு சபையைச் சர்க்கார் அமைக்கலாமென்று பதின்மூன்றாவது பிரிவு சொல்லுகிறது. மீட்கப்பட்ட பெண்ணை எங்கே அனுப்புவது என்று ஆராயும் மாஜிஸ்திரேட்டு, மதிப்புள்ள ஐவரைத் துணைக்கு அழைக்கலாமென்றும், கூடியவரை அவருள் மூவர் பெண்களாயிருக்க வேண்டுமென்றும் பதினேழாவது பிரிவு சொல்லுகிறது. சோதனையின்போது பெண் போலீஸார் இருவரேனும் உடனிருக்க வேண்டும். மீட்கப்பட்டவளைப் பெண் அதிகாரியே விசாரிக்க வேண்டும். அவர் இல்லையேல் சமூக ஊழியரான ஒரு மாதின் முன்னிலையில்தான் விசாரிக்கலாம்.

மதுரையில் வக்கீல்கள் எத்தனை பேர்! ஐகோர்ட்டின் கிளையே இங்கிருக்கிறது. ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் மாதர் சங்கங்களும் நிறைந்த நகரம் இது. கோயில் திருப்பணிக்குக் கமிட்டி, சித்திரைத் திருவிழாவுக்குக் கமிட்டி என்று கூடும் நமக்கு, சட்டமே நாற்காலி போட்டு அழைக்கும் இக்கமிட்டிகளின் பெயரேனும் தெரியுமா? நம்மிற் பலர் கேட்டிருக்கவும் மாட்டோம்.

மீட்பு என்பது வண்டியில் ஏற்றுவதோடு முடிவதன்று. விற்றதே சொந்த வீட்டாராயிருந்தால், அவ்வீட்டுக்கே அவளைத் திருப்பியனுப்புவது மறுவிற்பனைக்கு வழிசெய்வதாகும். ஆகவே பெற்றோரின் தகுதியையும் ஆராயச் சட்டம் இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு பெறவும் வழியுண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2015-ல் இப்பெண்களுக்கென்றே தனித் திட்டம் வகுத்தது. ஜில்லா சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அவளுக்காக ஒரு மனு எழுதித் தர எத்தனை நாழிகை ஆகும்? வக்கீல் தோழர்களை நாம் கேட்பது இதுதான்.

காப்பதன் பெயரால் சிறைப்படுத்துவதும் கூடாது. 2022-ம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவு இதில் நமக்கு வழிகாட்டி. இத்தொழிலில் உள்ள பெண்களைப் போலீஸார் கண்ணியத்தோடு நடத்த வேண்டும். வயது வந்த பெண்கள் விருப்பத்திற்கு மாறாக விடுதிகளில் அடைபட்டிருக்கின்றனரா என்று மாகாண சர்க்கார்கள் ஆராய வேண்டும். சோதனையிலும் மீட்பிலும் அகப்படும் பெண்களின் பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது. ‘அழகிகள்’ என்று அச்சிட்டு மகிழும் பத்திரிகைகள் கடைசி வாக்கியத்தைப் படித்திருக்குமா என்பது ஐயமே.

1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மகாத்மா காந்தி மதுரை மேலமாசி வீதியில் தம் உடையைத் துறந்து அரைத்துணி பூண்டார். அதே மாதத்தில்தான், வங்காளத்து பாரிசாலில் இத்தொழிலில் வீழ்த்தப்பட்ட சகோதரிகளைத் தாம் சந்தித்ததைப் பற்றி அவர் எழுதினார். பழியை அப்பெண்கள்மீது அவர் சுமத்தவில்லை, ஆண்குலத்தின்மீதே சுமத்தினார். அவர் அணிந்த அரைத்துணியை நினைவுகூரும் மதுரை, அதே மாதத்தில் அவர் அடைந்த வெட்கத்தையும் நினைவுகூர வேண்டாமா?

வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இலர். அவ்வாங்குவோர் வேற்றுத் தேசத்தாரல்லர். நம் வீதியில் வசிப்பவர், நம்மோடு கோயிலுக்கு வருபவர். இதை அறிந்தும் கண்மூடியிருப்பது நமக்குப் பெருமையாகாது. சந்தேகத்துக்கிடமான முன்பணத்தைக் கேள்வியுற்றால் 181 என்ற மாதர் உதவி எண்ணையோ, சிறுமியாயின் 1098-ஐயோ உடனே அழையுங்கள். பெண்ணைத் தேடித் திரும்பி வந்த குடும்பத்தை ஊரார் ஒதுக்காதீர்கள். மீண்டு வந்தவளுக்கு வேலை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் நமக்கிட்ட ஆசனம் நம் ஜில்லாவில் நிரம்பியிருக்கிறதா என்று கலெக்டரையும் மாஜிஸ்திரேட்டையும் கேளுங்கள். நிரம்பியிராவிடில், தகுதியுள்ள மாதர் மூவரை முன்னிறுத்திக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். அடுத்த முறை முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கும்போது, ‘அம்மா, உன்னை இங்கே கொணர்ந்தவன் யார்?’ என்று கேட்க அங்கே ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.