நெல் இலையுறை அழுகல்: வேம்பும் நானோ வெள்ளியும்

சம்பா, தாளடிப் பயிர் தொண்டைக்கதிர் பருவத்தில் இருக்கும்போது மழையும் மூட்டமும் தொடர்ந்தால், கண்ணாடி இலையின் உறையைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாக ஒழுங்கற்ற புள்ளிகள் தென்பட்டால், அது பெரும்பாலும் இலையுறை அழுகல் நோயே. சரோக்ளேடியம் என்னும் பூசணத்தால் இது வருகிறது. உறையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு படிந்தாற்போல் இருக்கும். கதிர் பாதி வெளிவந்து நின்றுவிடும். அல்லது உள்ளேயே அழுகும். வந்த மணிகளும் பழுப்பேறிப் பதராகும்.

தழைச்சத்து மிகுதியாக இட்ட வயலிலும், நெருக்கி நட்ட வயலிலும், தண்டுத் துளைப்பான் தாக்கிய தூர்களிலும் இந்நோய் எளிதில் புகும். ஆகவே யூரியாவைப் பிரித்து இடுவதே முதல் வைத்தியம்.

அடுத்தது வேம்பு. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு தேவை. சேமித்து மூன்று மாதமாவது ஆன, பூசணம் பிடிக்காத பருப்பாக இருக்கட்டும். நன்கு இடித்து, துணியில் தளர்வாக மூட்டை கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊற வையுங்கள். காலையில் பால் போன்ற சாறு வரும்வரை பிழிந்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்பு இல்லையேல் கரைசல் இலையில் ஒட்டாது. மாலை வேளையில் தெளியுங்கள். முதல் தெளிப்பு தொண்டைக்கதிர் பருவத்தில். அடுத்தது 15 நாட்கள் கழித்து. பருப்பு கிடைக்காதவர்கள் 3 சத வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். வெயில் இச்சாற்றின் வீரியத்தைக் குறைக்கும், மழை கழுவிவிடும். நோய் வருமுன் காக்கத்தான் இது உதவும். முற்றிய நோயைத் தீர்க்காது.

இக்குறையைப் போக்கத்தான் மூலிகையோடு நானோ துகளைச் சேர்த்து ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். வெள்ளி நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றை விட்டால், நிறமற்ற நீர் மெல்லப் பழுப்பாக மாறும். இலையிலுள்ள சத்துகள் உப்பிலிருந்து வெள்ளியைப் பிரித்து, 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேலே படிந்து கொள்கின்றன. கல் உப்பைவிடத் தூள் உப்பு விரைவில் கரைவதுபோல, துகள் சிறுக்கச் சிறுக்கப் பூசணத்தைத் தொடும் பரப்பு பெருகும். அதிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனிகள் பூசண வித்தின் சவ்வைச் சிதைத்து, அதை முளைக்கவிடாமல் செய்கின்றன.

ஆய்வுக்கூடத் தட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது. வயல் வேறு. வெள்ளிக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்ற பேதம் கிடையாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கி இட்ட டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகியவற்றையும் அது தாக்கக்கூடும். வயல்நீர் வடிந்து சேரும் குளத்தில் மீனும் உண்டு. வீட்டில் செய்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். வெள்ளி நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்யும், கண்ணைப் புண்ணாக்கும்.

நானோ வேளாண் இடுபொருள்களை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2021இல் வந்த நானோ யூரியா உரமே தவிர, நோய் மருந்தன்று. பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். 'மூலிகை நானோ வெள்ளி' என்று எவரேனும் புட்டி கொண்டுவந்தால், பூசணக்கொல்லியாகப் பதிவு பெற்ற எண் அட்டையில் உள்ளதா, எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு, ஏக்கருக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அந்தப் பணத்துக்கு வேப்பங்கொட்டை வாங்கலாம். புள்ளிகள் ஏற்கெனவே பரவிவிட்ட வயலானால், நோயுற்ற தூர் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அன்றே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் செல்லுங்கள்.